சாவி யார் கையில்?

1959இல் வெளிவந்த ஒரு அமெரிக்கப் படம். மூன்று பேர் சேர்ந்து ஒரு சிறு நகரத்து வங்கியைக் கொள்ளையடிக்கத் திட்டம் போடுகிறார்கள். துப்பாக்கி இருக்கிறது, கார் இருக்கிறது, எந்தத் தெரு வழியாகத் தப்பிப்பது என்கிற கணக்கும் இருக்கிறது. ஆனால் திட்டம் முழுக்கத் தொங்குவது ஒரே ஒரு ஆணியில். காப்பி கொண்டு வருகிற கறுப்பனின் முகத்தை வெள்ளைக்காரக் காவலாளி பார்க்க மாட்டான். அவ்வளவுதான்.

அந்த வங்கியில் ஊழியர்கள் வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து பணம் எண்ணுவார்கள். ஆறு மணிக்குப் பக்கத்துக் கடையிலிருந்து அவர்களுக்குக் காப்பியும் சாண்ட்விச்சும் வரும். கொண்டு வருகிறவன் ஒரு கறுப்பன். வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி, கையில் அட்டைப் பெட்டி. காவலாளி பக்கவாட்டுக் கதவைச் சங்கிலியை எடுக்காமல் கொஞ்சமாகத் திறந்து பார்ப்பான். தொப்பி தெரியும், கறுப்புத் தோல் தெரியும். உடனே சங்கிலியை எடுத்துவிடுவான். வந்தவன் யார், நேற்று வந்தவன்தானா, அவன் பெயர் என்ன, இதெல்லாம் அவனுக்குத் தேவையில்லாத விசயம். இந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவன் ஒரு முன்னாள் போலீஸ்காரன். போலீஸ்காரனுக்கு இந்தச் சமூகம் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்பது நன்றாகத் தெரியும். அதனால் அவனுக்கு ஒரு கறுப்பன் தேவைப்படுகிறான்.

படத்தின் பெயர் 'ஆட்ஸ் எகெய்ன்ஸ்ட் டுமாரோ'. இயக்கியவர் ராபர்ட் வைஸ். கறுப்பனாக வருகிற ஜானி இங்ரம் வேடத்தில் ஹாரி பெலபாண்டே. வெள்ளை இனவெறியன் ஏர்ல் ஸ்லேட்டராக ராபர்ட் ரயன். முன்னாள் போலீஸ்காரன் டேவ் பர்க்காக எட் பெக்லி. கறுப்பு வெள்ளைப் படம். ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடுகிறது. கொள்ளை நடப்பது கடைசிக் கொஞ்ச நேரம்தான். மீதி நேரமெல்லாம் மூன்று மனிதர்கள் அறைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள், நடக்கிறார்கள், கடன்காரனுக்குப் பயப்படுகிறார்கள், பெண்களோடு சண்டை போடுகிறார்கள். பின்னணியில் ஜான் லூயிஸின் ஜாஸ் இசை அதட்டாமல் கூடவே வருகிறது. கொள்ளைப் படம் என்று விறுவிறுப்பு தேடிப் போகிறவர்கள் பாதியில் எழுந்து போகலாம். நான் உட்கார்ந்து பார்த்தேன். காப்பிப் பெட்டியோடு ஒருவன் கதவைத் தட்டுகிற அந்தக் காட்சி வந்தபோது எனக்கு நியூயார்க் மாநிலம் மறந்து போனது.

எங்க சித்தி பதினெட்டு வருசம் ஒரு பேங்க் கிளையில கூட்டிப் பெருக்குச்சு. எந்த பேங்க், எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். காலையில எட்டு மணிக்கெல்லாம் போயிரும். ஷட்டரைத் தூக்குறவங்க தூக்குன உடனே உள்ள போயி, மேசை நாற்காலியெல்லாம் துடைச்சு, கக்கூசைக் கழுவி, பானையில தண்ணி ரொப்பி வச்சிட்டு, பத்து மணிக்கு ஆபீசர்மாருங்க வர்றதுக்குள்ள பின்பக்கமாப் போயிரணும். அப்புறம் சாயங்காலம் ஒரு தடவை. நிரந்தரம் கிடையாது. மாசச் சம்பளம்னு பேரு, கூலி மாதிரிதான் குடுப்பாங்க. டீ வாங்கிட்டு வர்றதும் அதுதான். ஆனா அது டீ குடிக்கிற டம்ளர் மட்டும் கக்கூஸ் சன்னல் மேல இருக்கும். அதை யாரும் அங்க வைக்கச் சொல்லல. எடுத்து உள்ள வையின்னும் யாரும் சொல்லல.

ஒருநாள் சாயங்காலம் கணக்கு முடிக்கையில இரண்டாயிரம் ரூபாய் குறைஞ்சது. உள்ள இருந்தவங்க ஒம்பது பேரு. அதுல எட்டுப் பேரு ஒருத்தர ஒருத்தர் பாக்கல. எல்லாரும் சித்தியப் பாத்தாங்க. மேனேஜர் ரூமுக்குள்ள கூப்பிட்டு, ஒரு பொம்பள ஊழியரை விட்டு முந்தானைய அவுத்து உதறச் சொன்னாங்க. சோத்துத் தூக்கைத் திறந்து காட்டச் சொன்னாங்க. மறுநாள் மத்தியானம் அந்த இரண்டாயிரம் வேற ஒரு கட்டுல சேர்த்து எண்ணியிருந்தது தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் ஒருத்தரும் ஒண்ணும் பேசல. வழக்கம்போல டீ வாங்கிட்டு வரச் சொன்னாங்க. சித்தி அன்னிக்கு ராத்திரி எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து சொல்லுச்சு: "பதினெட்டு வருசமா என் மொகத்தப் பாக்காதவுங்க அன்னிக்குத்தான்டா பாத்தாங்க."

இதுதான் அந்தக் கதவுச் சங்கிலியின் அரசியல். நம்மைப் பார்ப்பதற்கு அவர்களிடம் இரண்டே வழிகள் இருக்கின்றன. வேலை செய்கிற கையாகப் பார்ப்பது ஒன்று. திருடுகிற கையாகப் பார்ப்பது இன்னொன்று. நடுவில் முகம் என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு அவர்கள் கணக்கில் பற்றும் கிடையாது, வரவும் கிடையாது. இங்ரம் செய்வது என்னவென்றால், முதல் பார்வைக்குள் ஒளிந்துகொண்டு இரண்டாவது பார்வை விழுவதற்குள் உள்ளே நுழைந்துவிடப் பார்க்கிறான்.

ஆனால் அவன் ஆசைப்பட்டு வந்தவன் இல்லை. இங்ரம் ஒரு பாடகன், இரவு விடுதியில் வைப்ரஃபோன் வாசிக்கிறவன். நன்றாக உடுத்துகிறவன். குதிரைப் பந்தயத்தில் விட்டு, பாக்கோ என்கிற தாதாவிடம் கடன்பட்டிருக்கிறான். பர்க் முதலில் கூப்பிட்டபோது மறுத்துவிடுகிறான். பிறகு பர்க்கே தாதாவிடம் சொல்லி நெருக்கடி கொடுக்கச் செய்கிறான். பிரிந்து வாழும் மனைவியையும் சின்ன மகளையும் காட்டிக் கடன்காரன் மிரட்டியதற்கு அப்புறம்தான் இங்ரம் சம்மதிக்கிறான். நண்பனாக வந்து தோளில் கை போடுகிற இந்தப் பர்க்கைத்தான் நான் இரண்டாவது தடவை பார்க்கும்போது அதிகம் கவனித்தேன். அவன் இனவெறி பேச மாட்டான். ஸ்லேட்டர் பேசினால் அதட்டுவான். ஆனால் இங்ரமின் கழுத்தில் கயிறு மாட்டியவன் அவன்தான். நல்லவர்களாக வந்து நம்மைப் 'பயன்படுத்திக்கொண்ட' தலைவர்கள் நமக்கும் நிறைய உண்டு. பேர் சொல்லத் தேவையில்லை.

மனைவி ரூத் வருகிற காட்சி சின்னது. பள்ளிக்கூடப் பெற்றோர் குழுவின் வெள்ளைக்காரர்கள் அவள் வீட்டில் கூட்டம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இங்ரம் அவளைக் கிண்டல் செய்கிறான். வெள்ளைக்காரர்களோடு உட்கார்ந்து டீ குடித்தால் உலகம் மாறிவிடுமா என்கிற தொனி. அவளோ மகள் வாழத் தகுந்த உலகம் ஒன்று வேண்டும், அதற்காகத்தான் இது என்கிறாள். நம் வீடுகளிலும் நடக்கிற சண்டைதான் இது. சேர்ந்து உட்காருவதா, தனியாக நிற்பதா? படம் இரண்டு பேரில் யாரையும் முட்டாளாக்கவில்லை. ரூத் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இங்ரமின் கோபத்துக்கும் காரணம் இருக்கிறது. பெரும்பாலான படங்களில் கறுப்பனுக்கு ஒரு கருத்துத்தான் இருக்கும். இங்கே ஒரே சமையலறையில் இரண்டு கறுப்பர்கள் இரண்டு கருத்தோடு நிற்கிறார்கள். 1959இல் இது சாதாரண விசயமில்லை.

இனி ஸ்லேட்டர். படத்தின் ஆரம்பத்தில் காற்றடிக்கிற ஒரு தெருவில் அவன் நடந்து வருகிறான். விளையாடிக்கொண்டிருந்த ஒரு கறுப்புச் சிறுமி அவன் மேல் வந்து மோதுகிறாள். அவளைத் தூக்கிச் சிரித்துக்கொண்டே ஒரு வசைச்சொல்லைச் சொல்கிறான். கோபமே இல்லை. செல்லம் கொஞ்சுவது மாதிரிச் சொல்கிறான். நம்ம ஊர்ல சின்னப் புள்ளைங்களச் சாதிப் பேரச் சொல்லிச் 'செல்லமா' கூப்பிடுற பெருசுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிரிப்பு தெரியும். பிறகு ஓட்டல் லிஃப்ட். லிஃப்டை ஓட்டுகிறவன் ஒரு கறுப்பன். ஸ்லேட்டர் அவனிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கொஞ்ச நேரம் கழித்து இங்ரம் அதே லிஃப்டில் ஏறி, அதே ஆளோடு கேலி பேசிக்கொண்டு போகிறான். இயக்குநர் ஒரு விளக்கமும் தரவில்லை. ஒரே லிஃப்ட், இரண்டு பயணம்.

ஆனால் ஸ்லேட்டரைப் பூதமாகக் காட்டியிருந்தால் இந்தப் படத்தைப் பற்றி நான் எழுதியிருக்க மாட்டேன். அவன் போருக்குப் போய் வந்தவன். ஜெயிலுக்கும் போய் வந்தவன். வேலை இல்லை, வயதாகிறது. கூட வாழ்கிற பெண்ணின் சம்பளத்தில் சாப்பிடுகிறான், அந்த அவமானம் அவனைத் தின்கிறது. நிலம் இல்லை, தொழில் இல்லை, கையில் காசில்லை. அவனிடம் மிச்சமிருக்கிற ஒரே சொத்து தோலின் நிறம். அதை அவன் யாருக்காகவும் செலவழிக்க மாட்டான். நம்ம ஊர்லயும் அன்றாடங்காச்சி, நம்மளை மாதிரியே கூலிக்கு அறுக்கப் போறவன், நம்மளை மாதிரியே வட்டிக்கு வாங்குறவன், தெருவுல நாம செருப்புப் போட்டு நடந்தா மட்டும் முதல்ல எந்திரிச்சு நிக்கிறான். பண்ணையார் கூட எந்திரிக்க மாட்டாரு, இவன் எந்திரிப்பான். அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னது இதைத்தான். மேலே மிதிபடுகிறவனுக்குக் கீழே மிதிக்க ஒரு ஆள் இருக்கிறவரை அவன் ஏணியை உடைக்க வர மாட்டான். சாதி உழைப்பாளிகளையே ஒருவரிடமிருந்து ஒருவர் பிரித்துவைக்கிறது என்று 1936இல் அவர் வாதிட்டார். வங்கிக் கொள்ளையும் ஒரு கூட்டு உழைப்புத்தான். மூன்று பேருக்கு மூன்று வேலை. அந்த மூன்று பேரால் ஒரு சாயங்காலம் கூடச் சேர்ந்து வேலை பார்க்க முடியவில்லை என்பதுதான் கதை.

ரயன் நிஜ வாழ்க்கையில் சிவில் உரிமை இயக்கத்துக்கும் அமைதி இயக்கத்துக்கும் ஆதரவாக நின்றவர். அப்படிப்பட்ட ஒருவர் இந்த வெறுப்பை எந்த மழுப்பலும் இல்லாமல் நடித்திருக்கிறார். 'நான் இப்படிப்பட்டவன் இல்லை' என்று நம்மிடம் கண்ணடிக்காத நடிப்பு அது.

கொள்ளைக்கு முன்னால் ஒரு நீண்ட காத்திருப்பு வருகிறது. மூன்று பேரும் அந்த ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். ஆறு மணிக்கு இன்னும் நேரம் கிடக்கிறது. ஆற்றங்கரையில் தனித்தனியாக உட்கார்ந்தும் நின்றும் பொழுதைப் போக்குகிறார்கள். ஸ்லேட்டர் ஒரு முயலைக் குறி வைக்கிறான். பேச்சு இல்லை. ஹட்சன் என்கிற உண்மையான ஊரில் போய் எடுத்த காட்சிகள் இவை, படத்தில் அதற்கு மெல்டன் என்று பெயர். வெளிச்சம் குறைவதையும் காற்று அடிப்பதையும் காமிரா பார்த்துக்கொண்டே இருக்கிறது. இவ்வளவு நேரம் இருந்தும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை என்பதை அந்த மௌனத்திலேயே சொல்லிவிடுகிறார்கள்.

பிறகு ஆறு மணி. பர்க் நடந்து போய்க் காப்பிக்காரன் மேல் இடித்து, அவன் கொண்டு வந்ததைக் கொட்டிவிடுகிறான். அந்த இடைவெளியில் இங்ரம் கதவைத் தட்டுகிறான். காவலாளி சங்கிலியை எடுக்கிறான். உள்ளே போய்விடுகிறார்கள். பணம் கைக்கு வருகிறது. முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்கிற கணக்கு துளியும் பிசகவில்லை. பிசகியது வேறு இடத்தில். தப்பிக்கிற காரின் சாவியை இங்ரமிடம் கொடுக்க வேண்டிய நேரம் வருகிறது. ஸ்லேட்டர் கொடுக்க மறுக்கிறான். ஒரு கறுப்பன் கையில் தன் உயிரைக் கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. சாவியைப் பர்க்கிடம் கொடுக்கிறான். பர்க் தெருவில் போலீஸ் குண்டு பட்டு விழுகிறான். சாவியும் அவனோடு தெருவில் கிடக்கிறது. பிடிபடுவதற்குப் பதிலாக அவன் தன்னையே சுட்டுக்கொள்கிறான். இரண்டு பேரும் பணப் பையோடு, கார் இருந்தும் சாவி இல்லாமல் நிற்கிறார்கள்.

இந்தப் படத்தை நான் ஒரு மாணவர் விடுதியில் தம்பிகளோடு இன்னொரு தடவை பார்த்தேன். அந்த இடம் வந்ததும் ஒரு தம்பி சத்தமாகவே சொன்னான்: "ஏண்ணே, பேங்க் சங்கிலியக்கூட எடுத்துட்டானுக. சொந்தக் கூட்டாளி சாவியக் குடுக்க மாட்டேங்கிறான்." படத்தைப் பற்றி எழுதப்பட்ட எதிலும் இவ்வளவு சுருக்கமாக நான் படித்ததில்லை.

படம் முடிந்ததும் பேச்சு ஆரம்பித்தது. முடிவு இப்படிப் போகிறது. இங்ரமும் ஸ்லேட்டரும் போலீசை விட்டுவிட்டு ஒருவரை ஒருவர் துரத்துகிறார்கள். பெரிய பெரிய எண்ணெய்த் தொட்டிகள் மேல் ஏறிச் சுட்டுக்கொள்கிறார்கள். தொட்டி வெடிக்கிறது. இரண்டு உடலும் கருகிக் கிடக்கின்றன. எது யாருடைய உடல் என்று ஒருவன் கேட்க, இன்னொருவன் நீயே ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள் என்கிற மாதிரிச் சொல்கிறான். கடைசியில் ஒரு பலகை. இதற்கு மேல் பாதை இல்லை.

"கருகிட்டா எல்லாரும் ஒண்ணுதான், அதானண்ணே கருத்து?" என்று ஒரு தம்பி கேட்டான். இன்னொருத்தன் உடனே பாய்ந்தான். "எந்த ஊர்லடா ஒண்ணு? எங்க ஊர்ல சுடுகாடே ரெண்டு. எங்க பாதையில ஓடை வந்தா பொணத்தத் தோள்ல தூக்கிக்கிட்டு இடுப்பளவு தண்ணியில போறோம். அவுங்க பாதையில சிமெண்டு ரோடு."

நானும் அந்தப் பையன் பக்கம்தான். முடிவைப் பற்றி எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. வெறுப்பு இரண்டு பேரையும் எரித்துவிடும் என்கிறது படம். சரி. ஆனால் இரண்டு பேரின் வெறுப்பும் ஒரே எடைதானா? ஸ்லேட்டரின் வெறுப்புக்கு இங்ரம் எதுவும் செய்திருக்கத் தேவையில்லை, இங்ரம் இருப்பதே போதும். இங்ரமின் கோபமோ அவனுக்குச் செய்யப்பட்டதிலிருந்து வந்தது. முதல் ஒரு மணி நேரம் இந்த வித்தியாசத்தைப் பொறுமையாகக் காட்டிய படம் கடைசியில் தராசின் இரண்டு தட்டையும் சமமாக்கிவிடுகிறது. நம்மிடமும் 'இரு தரப்பும்' என்று எழுதுகிற பத்திரிகைகள் இருக்கின்றன. குடிசை எரிந்தவனும் எரித்தவனும் மோதிக்கொண்ட இரு பிரிவினர் ஆகிவிடுகிறார்கள். சாவியைக் கொடுக்க மறுத்தவன் ஒருவன்தான். அதை மறக்கக்கூடாது.

ஆனாலும் இந்த முடிவுக்கு ஒரு மரியாதை உண்டு. இதற்கு முந்தைய வருசம், 1958இல், 'த டிஃபையன்ட் ஒன்ஸ்' என்று ஒரு படம் வந்தது. ஒரே சங்கிலியில் கட்டப்பட்டுத் தப்பியோடும் ஒரு வெள்ளையனும் ஒரு கறுப்பனும் கடைசியில் நண்பர்களாகிறார்கள். ஓடுகிற ரயிலில் ஏறிவிட்ட கறுப்பன், ஏற முடியாத வெள்ளையனுக்காகக் கீழே குதித்துப் பிடிபடுகிறான். அந்தக் காட்சிக்கு ஹார்லெம் தியேட்டரில் கறுப்புப் பார்வையாளர்கள், ஏண்டா முட்டாள், திரும்பி ஏறு என்று கத்தினார்கள் என ஜேம்ஸ் பால்ட்வின் எழுதியிருக்கிறார். நம்மவன் தியாகம் செய்ய, அவன் மனசு மாறுகிற கதை நமக்கும் ஏராளம் உண்டு. பெலபாண்டேயின் படம் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. வில்லியம் மக்கிவர்னின் நாவலிலிருந்து எடுத்த கதைதான் இது. நாவலில் இரண்டு பேரும் நெருங்கி வருவார்கள். படத்தில் அது கிடையாது.

படத்துக்கு எழுதியவர் யார் என்பதும் ஒரு தனிக் கதை. எழுதியவர் ஆபிரகாம் பொலான்ஸ்கி. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கம்யூனிச எதிர்ப்புக் குழு முன்னால் 1951இல் நிறுத்தப்பட்டு, காட்டிக்கொடுக்க மறுத்ததால் கறுப்புப் பட்டியலில் வைக்கப்பட்டவர். அவர் பெயர் திரையில் வரக்கூடாது. அதனால் கறுப்பு நாவலாசிரியர் ஜான் ஆலிவர் கில்லன்ஸ் தன் பெயரைக் கொடுத்தார். 1996இல்தான் எழுத்தாளர் சங்கம் பொலான்ஸ்கிக்குப் பெயரைத் திருப்பிக் கொடுத்தது. நம் உழைப்பு அடுத்தவன் பெயரில் வெளிவருவதுதான் நமக்குத் தெரிந்த வரலாறு. இங்கே ஒரு கறுப்பர் தன் பெயரைக் குடையாகப் பிடித்து ஒரு வெள்ளை எழுத்தாளரின் எழுத்தைக் காப்பாற்றியிருக்கிறார். கதைக்குள் கொடுக்கப்படாத நம்பிக்கை கதைக்கு வெளியே கொடுக்கப்பட்டிருக்கிறது.

படத்தைத் தயாரித்தது ஹார்பெல் என்கிற பெலபாண்டேயின் சொந்த நிறுவனம். 1927இல் ஹார்லெமில் பிறந்தவர் அவர். அம்பேத்கர் 1913இல் போய்ப் படித்த கொலம்பியா பல்கலைக்கழகம் ஹார்லெமுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அம்பேத்கர் 1946இல் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் நம் இளைஞர்கள் கறுப்புச் சிறுத்தைகளின் பெயரை எடுத்துத் தலித் சிறுத்தைகள் ஆனார்கள். இந்த உறவு நமக்குப் புதிதல்ல. பெலபாண்டேயின் பாட்டுத் தட்டு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அந்தக் காசில் அவர் யாரும் எடுக்கத் துணியாத கதையை எடுத்தார். 2023இல் தொண்ணூற்றாறு வயதில் இறந்துபோனார்.

விடுதித் தம்பிகளிடம் நான் கடைசியாகச் சொன்னது ஒரு நிஜச் சம்பவம். 1964 கோடையில் மிசிசிப்பியில் கறுப்பர்களுக்கு வாக்குரிமைக்காக வேலை செய்த மூன்று இளைஞர்களைக் கொன்று ஒரு மண் அணைக்குள் புதைத்தார்கள். ஜேம்ஸ் சேனி கறுப்பர். மைக்கேல் ஷ்வெர்னரும் ஆண்ட்ரூ குட்மனும் வெள்ளையர்கள். ஷ்வெர்னர் குடும்பம் அவரைச் சேனிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்ய விரும்பியது. மிசிசிப்பியின் இன ஒதுக்கல் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அங்கேயும் சுடுகாடு இரண்டுதான்.

அந்த ஆகஸ்டில் இயக்கத்துக்குக் காசு இல்லை, இளைஞர்கள் ஊரை விட்டுப் போகவும் மறுத்தார்கள். பெலபாண்டே எழுபதாயிரம் டாலர் திரட்டினார். நடிகர் சிட்னி பாய்ட்டியரைக் கூட்டிக்கொண்டு, பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு, ராத்திரியில் மிசிசிப்பியில் போய் இறங்கினார். கிளான் வெறியர்கள் வண்டியில் வந்து துரத்தி இடித்தார்கள். பணம் கிரீன்வுட் போய்ச் சேர்ந்தது.

"கார ஓட்டுனது யாருண்ணே?" என்று ஒரு தம்பி கேட்டான்.

மாணவர் அமைப்பின் தோழர்கள்தான் ஓட்டினார்கள். கறுப்பு இளைஞர்கள். சாவி அவர்கள் கையில் இருந்தது.